உழவாரமும் கணக்கேடும்

சென்ற ஊரைத் தூய்மை செய்து மீளும் அறம் தமிழர்க்குப் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படையேந்தித் தலந்தோறும் நடந்தார். தாம் பிறந்த ஊரல்லாத ஊர்களிலும் கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கி எறிந்தார். அவரைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர் என்றும், அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறும். கடலால் கரை சேர்க்கப்பட்ட அப்பெரியவரின் பெயரால், கூலி கருதாது செய்யும் துப்புரவுத் தொண்டு இன்றும் உழவாரப்பணி என வழங்குகின்றது. மலேசியத் தோட்டப்புறங்களில் திருவிழாவுக்கு முன்னர்க் கூடிக் கோயில் வளாகத்தைப் பெருக்கிய கோத்தோங் ரோயோங்கும் இப்பணியோடு உறவுடையதே.

இந்நாளில் அத்தொண்டு கடற்கரைகளுக்கும் பெயர்ந்துள்ளது. வெளிநாட்டுச் சுற்றுலா சென்றவர், அங்குள்ள மணற்கரையில் சாக்குப் பையோடு குனிந்து பிறர் எறிந்த குப்பையைப் பொறுக்கும் காட்சி பல நாடுகளிலும் காணப்படுவதாயிற்று. இப்பழக்கம் தோன்றி வளர்ந்த வரலாறு யாது? அதனால் கடல் தூய்மை அடைகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், உலகப் புகழ் பெற்ற வெண்மணற் கரைகளை மட்டும் பார்த்தால் போதாது. கோல லங்காட் மாவட்டத்துத் தெலுக் பங்லிமா காராங்கையும் அதன் அண்டை ஊர்களையும் பார்த்தல் வேண்டும்.

சேற்றுக்கரையின் இயல்பு

‘தெலுக்’ என்னும் மலாய்ச் சொல் கடலோ ஆறோ வளைந்து உட்புகும் இடத்தைக் குறிக்கும். ‘பங்லிமா’ என்பது படைத்தலைவனைக் குறிக்கும். பெயரிலேயே நீரையும் வீரத்தையும் கொண்ட இவ்வூர், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. லங்காட் ஆற்றின் நீர்ப்பிரிவுக்கு அப்பால் கேரித் தீவு கிடக்கின்றது. கேரி என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கிய அத்தீவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் தழைத்தன. அவற்றைத் தழைக்கச் செய்த கைகளுள் தமிழ்த் தொழிலாளர் கைகள் பல.

அத்தோட்டங்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர் மா மெரி என்னும் பழங்குடியினர். மரத்தில் முகமூடி செதுக்கும் கலையில் வல்ல அம்மக்கள், ஆண்டுதோறும் கடற்கரையில் கூடிக் கடல் தெய்வங்களுக்குப் படையலிடுவர். அவ்விழாவுக்குப் ‘பூஜா பந்தாய்’ என்று பெயர். பூஜை என்னும் சொல் தமிழர்க்கு விளக்கம் வேண்டாதது. பந்தாய் என்பது கடற்கரை. நெய்தல் நிலத்துக்குத் தனித் தெய்வமும் தனி ஒழுக்கமும் வகுத்த பழந்தமிழர் இவ்விழாவைக் கண்டிருப்பின், தம் உறவினர் விழாவென்றே கருதியிருப்பர்.

இக்கரை பளிங்கு மணற்கரை அன்று. சேறும் கண்டற்காடும் நிறைந்த கரையாகும். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், சற்றுத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் பிரிட்டானிய இந்தியப் படைகள் இறங்கியபோது, அவற்றின் ஊர்திகள் பல சேற்றில் புதைந்து நின்றன. அச்சேறு இன்றும் வருவதை எளிதில் விடுவதில்லை. அலையில் மிதந்துவரும் நெகிழிப் பைகள் கண்டல் வேர்களில் சிக்கிக்கொள்கின்றன. மணற்கரையில் ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை, வேர்களுக்கிடையே பல நாள் வேலையாகிவிடும். ஆதலின், தொண்டர் கூட்டம் நாடிச் செல்லும் கரையும், தொண்டு மிகுதியாக வேண்டப்படும் கரையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பயணிகள் கண்ட கடல்

கடற்கரைத் துப்புரவு இயக்கங்களின் தோற்றத்தை ஆராய்ந்தால், அவற்றுட் சில பயணிகளின் கண்ணிலிருந்து பிறந்தவை என்பது புலனாகும். இயன் கீர்னன் என்னும் ஆஸ்திரேலியர், 1986-87-ஆம் ஆண்டுகளில் தனியொருவராய்ப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டியில் கலந்துகொண்டார். அட்லாண்டிக் பெருங்கடலின் சார்காசோ கடற்பகுதியைக் காண நெடுநாள் ஆவல் கொண்டிருந்த அவர், அங்கு மிதந்த குப்பையைக் கண்டு உளம் வருந்தினார். ஊர் மீண்டதும் சும்மா இருந்தாரல்லர். 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் அழைப்பை ஏற்றுச் சிட்னித் துறைமுகத்தைத் தூய்மை செய்ய 40,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா முழுவதும் மூன்று இலட்சம் பேர் அத்தொண்டில் இறங்கினர். 1993-இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்போடு இணைந்து அவ்வியக்கம் உலகளாவியதாயிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கீர்னன் குப்பையைக் கண்டது அயற்கடலில். தூய்மை செய்யத் தொடங்கியதோ தம் சொந்த ஊர்த் துறைமுகத்தை. பயணம் அவருக்குக் காட்சியைத் தந்தது. கடமையை அவர் இல்லத்தில் தேடிக்கொண்டார்.

நெதர்லாந்து நாட்டு இளைஞர் போயன் ஸ்லாட்டின் வரலாறும் இத்தகையதே. 2011-ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், கிரேக்க நாட்டுக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது மீனினும் நெகிழிப் பைகளே மிகுதியாக அவர் கண்ணிற்பட்டன. 2013-இல் அவர் தொடங்கிய நிறுவனம், கடலைத் துப்புரவு செய்வதோடு அமையாமல், கடலுக்குக் குப்பையைக் கொண்டுசெல்லும் ஆறுகளின்பாலும் கருத்தைச் செலுத்தியது. ஆற்றுநீரில் மிதக்கும் குப்பையைச் சூரிய ஆற்றலால் வாரியெடுக்கும் அதன் மிதவைப் பொறிகளுள் ஒன்று, சிலாங்கூர் அரசின் ஒத்துழைப்போடு 2019-ஆம் ஆண்டு கிள்ளான் ஆற்றில் நிறுத்தப்பெற்றது. கிரேக்கக் கடலில் எழுந்த ஓர் எண்ணம் கிள்ளான் ஆற்றங்கரையை வந்தடைந்தது இவ்வாறாம்.

சுற்றுலாப் பயணியின் தொண்டுக்கு நேர்ச் சான்று வேண்டுவோர், லங்காவிக்கு அருகில், தாய்லாந்து எல்லைக்குள் உள்ள லிப்பே தீவை நோக்கலாம். 2013-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான ரோமன் பீட்டர் தொடங்கிய ‘டிராஷ் ஹீரோ’ என்னும் இயக்கம் அங்கு வேர்கொண்டது. வாரந்தோறும் குறித்த நாளில் ஊராரும் விருந்தினரும் கூடிக் கரையைத் துப்புரவாக்குவது அதன் நடைமுறை. பொறுக்குவதால் மட்டும் பயனில்லை என்பதை அவ்வியக்கத்தார் விரைவில் உணர்ந்தனர். குடிநீர்ப் புட்டிகளே பெருவாரியாகக் கரையில் ஒதுங்குவதைக் கண்டு, மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க புட்டிகளையும், அவற்றில் நீர் நிரப்பித்தரும் நிலையங்களையும் ஏற்படுத்தத் தலைப்பட்டனர். இயக்கம் பின்னர் மலேசியா உள்ளிட்ட நாடுகளிலும் பரவியது.

எண்ணிப் பார்த்தவர்கள்

இவ்வியக்கங்கள் அனைத்தினும் ஆழமான தடம் பதித்தது, 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் நிகழ்ந்த ஒரு செயலாகும். கடல் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருந்த லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இரு பெண்மணிகள் அதனை ஏற்பாடு செய்தனர். 2,800 தொண்டர்கள் கூடி 124 டன் குப்பையை அகற்றினர். அளவிற் பெரிய செயலே. எனினும், அதனைப் பெருமைக்குரியதாக்கியது அவ்வளவன்று. ஒவ்வொரு தொண்டர் கையிலும் ஓர் அட்டை கொடுக்கப்பட்டது. எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் இன்னதென்று வகைப்படுத்தி, எத்தனையென்று அவ்வட்டையில் குறிக்கும்படி அவர்கள் பணிக்கப்பட்டனர்.

குப்பையைக் கூட்டித் தள்ளுபவருக்கு அது குப்பை. எண்ணிக் குறிப்பவருக்கோ அது சான்று. கரையில் கிடப்பவற்றுள் குளிக்க வந்தவர் போட்டவை எவை, கப்பலிலிருந்தும் எண்ணெய்க் கிணற்று மேடைகளிலிருந்தும் எறியப்பட்டவை எவை என்பதைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. கப்பல்கள் கடலில் நெகிழிப் பொருளை எறிதல் கூடாதென்னும் பன்னாட்டு விதி 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த காலமும் அதுவே. டெக்சாஸில் தொடங்கிய எண்ணும் வழக்கம், ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் மூன்றாம் சனிக்கிழமையை மையமாகக் கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகின்றது.

தமிழர் வாழும் கரைகளிலும் இப்பாடத்தை வலியுறுத்தும் நிகழ்ச்சிகள் உள. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கடலோரக் காவற்படையினரும் மீனவரும் மாணவரும் வாளிகளை ஏந்தி, பாறைகளுக்கிடையே தேங்கிய கரிய குழம்பை வாரி வாரி இறைத்தனர். கப்பல் மோதலால் விளைந்த கேட்டை வாளியால் இறைத்தவருள், அக்கடலையே நம்பி வாழ்ந்தவரும் இருந்தனர்.

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. சூன் தொடக்கத்தில் அது மூழ்கலாயிற்று. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 டன் நெகிழி மணிகள் கடலிற் கலந்தன. பருப்பளவே உடைய அம்மணிகளைச் சல்லடையிட்டு மணலிலிருந்து பிரிக்கும் வேலையில் தொண்டர்கள் ஈடுபட்டனர். ஒரு பிடி மணலில் எத்தனை மணிகள்! பொறுக்கி முடியாத வேலை அது. ஆயினும், கேட்டின் அளவு மறக்கப்படவில்லை. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் ஏறியது. 2025-ஆம் ஆண்டு சூலையில், நூறு கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்குமாறு கப்பலுக்குப் பொறுப்பானவர்களுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கேரளக் கடலில் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் மூழ்கி, அதே வகை மணிகள் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. தண்டம் விதிப்பதற்கு முன்பே அடுத்த தவறு நிகழ்ந்துவிட்டது.

கொள்கலனில் வந்த குப்பை

இனி, கோல லங்காட்டுக்கு மீளலாம். கடல் வழியாக வரும் குப்பையெல்லாம் அலையில் மிதந்து வருவதில்லை. முத்திரையிட்ட கொள்கலனில், சரக்குப் பட்டியலோடு வருவதும் உண்டு.

உலகின் நெகிழிக் கழிவில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாக வாங்கிவந்த சீனா, 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அவ்விறக்குமதிக்குத் தடை விதித்தது. தம் நாட்டில் தேங்கத் தொடங்கிய கழிவுக்குப் புது இடம் தேடிய ஏற்றுமதியாளர்களின் கண் தென்கிழக்கு ஆசியாவின்மீது விழுந்தது. மலேசியா 2016-ஆம் ஆண்டில் இறக்கிய நெகிழிக் கழிவு 168,500 டன். 2018-ஆம் ஆண்டின் முற்பகுதியிலோ, முதற்பத்து ஏற்றுமதி நாடுகளிலிருந்து மட்டும் ஏறத்தாழ 456,000 டன் வந்து இறங்கியது. அமெரிக்காவும் ஜப்பானும் பிரிட்டனும் அந்நாடுகளுள் அடங்கும்.

இச்சரக்கு வந்து சேர்ந்த வாயில் கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து சாலை வழியே சிறிது தொலைவிலேயே தெலுக் பங்லிமா காராங்கும் ஜெஞ்சாரோமும் உள்ளன. 1970-ஆம் ஆண்டுகளிலிருந்து தொழிற்பேட்டையைக் கொண்டு வளர்ந்த தெலுக் பங்லிமா காராங்கிலும், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர்களிலும், உரிமம் பெறாத நெகிழி ஆலைகள் முளைத்தன. உருக்கி விற்கத்தக்கதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைத் திறந்த வெளியில் குவித்தனர், இரவில் கொளுத்தினர். அப்புகையால் குழந்தைகளும் முதியோரும் இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஆளாயினர் என மக்கள் முறையிட்டனர். குவியல்களைக் கிளறியபோது, அயல்நாட்டு அங்காடிகளின் பெயர் பொறித்த உறைகள் வெளிப்பட்டன. பல்லாயிரம் கல் தொலைவில் ஒருவர் ‘மறுசுழற்சி’ என்றெழுதிய தொட்டியில் நன்னெஞ்சோடு இட்ட உறை, கோல லங்காட்டில் நெருப்புக்கு இரையாயிற்று.

இந்நிலையை மாற்றியது எது? ஊர்மக்கள் துடைப்பத்தை மட்டும் ஏந்தியிருப்பின், ஒவ்வொரு நாளும் புதிய குவியலைக் கண்டு சோர்ந்திருப்பர். அவர்கள் எழுதுகோலையும் எடுத்தனர். கோல லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைச் சங்கத்தார் ஆலைகள் இருந்த இடங்களைத் தேடிக் கண்டறிந்தனர், படம் எடுத்தனர், அதிகாரிகளிடம் இடைவிடாது முறையிட்டனர். அதன் பயனாக, அம்மாவட்டத்தில் உரிமமின்றி இயங்கிய முப்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன.

2019-ஆம் ஆண்டு மே மாதம், அந்நாளில் சுற்றுச்சூழல் துறையையும் ஏற்றிருந்த அமைச்சர் இயோ பீ யின், கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைச் செய்தியாளர் முன்னிலையில் திறந்து காட்டினார்; முறையின்றி வந்த ஏறத்தாழ 3,000 டன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தார். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, அதுவரை 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திரும்பிச் சென்றது. பிரான்சுக்கு 43 கொள்கலன்கள், பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17, கனடாவுக்கு 11 எனக் கணக்கு தெளிவாக இருந்தது. பெயரும் எண்ணும் இருந்தமையாலன்றோ குப்பை தன் உடைமையாளரைத் தேடிச் செல்ல முடிந்தது!

உலகளவிலும் மாற்றம் நிகழ்ந்தது. கழிவுப் பொருள் நாடு கடப்பதை முறைப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 2019-ஆம் ஆண்டு மே மாதம் திருத்தப்பட்டது. பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி அழுக்கு நெகிழிக் கழிவை அனுப்பலாகாது என்னும் அத்திருத்தம் 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மலேசிய அரசு 2025-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து தன் இறக்குமதி விதிகளை மேலும் இறுக்கியது.

புலி முத்திரை

சங்க இலக்கியத்தை அறிந்தோர்க்கு இவ்வரலாறு ஒரு பழங்காட்சியை நினைவூட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைக் காட்டுகின்றது. கடலிலிருந்து இறங்கும் பொருளும், நிலத்திலிருந்து ஏறும் பொருளும் அளவின்றிக் குவிகின்றன. சோம்பலறியாச் சுங்கக் காவலர் அவற்றைக் காத்து, சோழரின் புலி முத்திரையைப் பொறித்து வெளியே விடுகின்றனர். அங்கு வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது இன்றைய கெடாவாகிய கடாரம் எனக் கருதும் அறிஞரும் உளர். அத்துறையில் எப்பொருளும் எங்கிருந்து வந்தது என்னும் அறிவோடே கரையேறியது. பொருளுக்கு அன்று இருந்த அக்காவல், இன்று கழிவுக்கும் தேவைப்படுகின்றது.

தொண்டின் பயன்

இவற்றையெல்லாம் நோக்கி, அயல்நாட்டுக் கரையில் குப்பை பொறுக்கும் பயணியின் தொண்டு வீண் என்று முடிவு கட்டலாமா? சிலர் அவ்வாறு கூறுவர். ‘ஒரு காலைப்பொழுது குனிந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, வானூர்தியில் ஏறிவிடுகின்றனர், அவர்கள் நாட்டுக் குப்பையோ கப்பலில் வருகின்றது’ என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அன்றாடம் அக்கரையைக் கூட்டும் கூலித் தொழிலாளியின் பெயரை எவரும் கேட்பதில்லை என்பதும் உண்மையே.

ஆயினும், குனிந்து எடுத்த கைக்கு மறதி அரிது. மும்பையின் வெர்சோவா கடற்கரையை 2015-ஆம் ஆண்டு தூய்மை செய்யத் தொடங்கிய வழக்கறிஞர் அப்ரோஸ் ஷா, முதியவரான அண்டை வீட்டார் ஒருவர் துணையோடுதான் இறங்கினார். வாரந்தோறும் தொடர்ந்த அத்தொண்டில் பின்னர் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அக்கரையில் ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலை நோக்கி ஊர்ந்தன. தொண்டு தொடர்ந்து நடைபெறின் இயற்கை மறுமொழி கூறும் என்பதற்கு அது சான்று.

எனவே, தொண்டு வேண்டும். அது ஒருநாள் விருந்தாக இருத்தல் ஆகாது. வெளிநாடு செல்லும் தமிழ் இளைஞர் அங்குள்ள கரையில் குனிந்தால், அவ்வூராரோடு சேர்ந்து, அவர்கள் சொற்படி பணிபுரிதல் வேண்டும். எடுத்ததை எண்ணி, இன்ன பொருள், இன்ன நிறுவனத்தது என்று குறித்து, அக்கணக்கை அங்குள்ள அமைப்பிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஊர் மீண்டதும், தம் வீட்டுக் குப்பை எங்கே போகின்றது என்று வினவுதல் வேண்டும். மூன்றாவதே கடினமானது, கீர்னன் செய்தது அதுவே. கிள்ளானிலும் பந்திங்கிலும் உள்ள பள்ளி மாணவர், மோரிப் மணலுக்குச் சுற்றுலா செல்லும் நாளில் ஒரு சாக்கோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லின், வகுப்பறையில் கற்ற கணக்கும் வரலாறும் அறிவியலும் அங்கு ஒன்றுகூடும்.

திருநாவுக்கரசர் கையிலிருந்த உழவாரம் புல்லை மேலோடு கொய்யும் கருவியன்று, வேரோடு செதுக்குவது. கரையில் ஒதுங்கிய குப்பை புல்லின் நுனி. அதன் வேர் ஆலையிலும் அங்காடியிலும் கொள்கலனிலும் வீட்டுத் தொட்டியிலும் கிடக்கின்றது. கையோடு கணக்கும் சேருமாயின் அவ்வேரை எட்டலாம் என்பதைக் கோல லங்காட் மக்கள் செய்துகாட்டினர். ஆங்குள்ள கண்டல் வேர்கள் இன்னும் பல சாக்குகளுக்குக் காத்திருக்கின்றன. அவற்றை நிரப்பச் செல்வோர் குறிப்பேட்டை மறவாதிருப்பாராக!